தேடல் சுட்டிகளுக்கு இடையேயான இணைப்பு வினவல்: தாமதம் பிறக்கும் இடமும் அதைக் குறைக்கும் வழியும்

தேடுபொறிகளைக் கையாளத் தொடங்குவோரிடையே இணைப்பு வினவல், அதாவது இரண்டு தரவுத் தொகுப்புகளைப் பொதுவான ஒரு மதிப்பைக் கொண்டு பொருத்திக் கேட்கும் ஜாயின் குவெரி, பற்றி இரண்டு கருத்துகள் உலாவுகின்றன. தேடுபொறியில் இணைப்பே செய்ய முடியாது, அது வேண்டுமானால் தரவுத்தளத்துக்குத்தான் போக வேண்டும் என்பது ஒன்று. செய்யலாம், ஆனால் இழுத்துக்கொண்டு ஓடும், ஆகவே சேர்வரின் நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பது மற்றொன்று. திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்கும் மாணவரிடமும், உப்புவெளியில் வீட்டிலிருந்தபடி கொழும்பு நிறுவனத்துக்கு நிரல் எழுதும் இளைஞரிடமும் இவ்விரண்டையும் கேட்கலாம். இரண்டிலும் பாதி உண்மைதான் உண்டு. சுட்டி என்பது தேடலுக்கு ஏற்றபடி அடுக்கி வைத்த தரவுத் தொகுப்பு, ஆங்கிலத்தில் இன்டெக்ஸ். இணைப்பின்போது ஒரு சுட்டியிலிருந்து இன்னொரு சுட்டிக்கு எது பயணிக்கிறது, எவ்வளவு பயணிக்கிறது என்பது தெரிந்தால், எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முன்னறிவு அதிகம் தேவைப்படாதபடி அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

## இரண்டு பதிவேடுகளும் ஓர் இலிகிதரும்

மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் இரண்டு பதிவேடுகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது படகுப் பதிவேடு. ஒவ்வொரு கலத்தின் பதிவிலக்கம், வகை, உரிமையாளர், பதியப்பட்ட துறை ஆகியவை அதில் ஒரு வரியில் இருக்கும். இரண்டாவது நாளேடு. எந்தத் திகதியில், எந்தப் பதிவிலக்கக் கலம், எந்த மீனை, எத்தனை கிலோ இறக்கியது என்பது அதில் வரிவரியாக ஏறிக்கொண்டே போகும். படகுப் பதிவேடு மெலிந்தது, எப்போதாவதுதான் மாறும். நாளேடோ தடித்தது, நாள்தோறும் வளர்வது.

இப்போது ஒரு கேள்வி வருகிறது: மேற்குக் கரையில் பதியப்பட்ட பலநாட் கலங்கள் இங்கே இறக்கிய சூரை மீன் பதிவுகள் எவை? தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வருவது நெடுங்கால வழக்கம் என்பதால், பதியப்பட்ட துறையும் மீன் இறங்கும் துறையும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. கலத்தின் வகையும் பதிவுத் துறையும் ஒரு பதிவேட்டில் இருக்கின்றன, மீனும் திகதியும் மற்றதில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பதிவிலக்கம் மட்டுமே.

இலிகிதர் நாளேட்டை முதல் வரியிலிருந்து படித்து, ஒவ்வொரு வரிக்கும் படகுப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். அனுபவமுள்ளவர் அப்படிச் செய்ய மாட்டார். முதலில் படகுப் பதிவேட்டை ஒரே தடவை புரட்டி, வேண்டிய பதிவிலக்கங்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வார். பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நாளேட்டுக்குப் போவார். நாளேட்டின் கடைசியில், எந்தப் பதிவிலக்கம் எந்தப் பக்கங்களில் வருகிறது என்ற அட்டவணை இருந்துவிட்டால், மற்றப் பக்கங்களை அவர் தொடவே வேண்டியதில்லை.

தேடுபொறி செய்வதும் பெரும்பாலும் இந்தத் துண்டுத் தாள் வேலையே.

## தேடுபொறியின் உள்ளே இருப்பது

இன்று பரவலாகப் பயன்படும் எலாஸ்டிக்சேர்ச், ஓப்பன்சேர்ச், சோலர் ஆகிய மூன்றும் லூசீன் என்ற நிரலகத்தின் மீது கட்டப்பட்டவை. டக் கட்டிங் என்பவர் 1999-இல் அதைத் தொடக்கினார். லூசீனின் அடிப்படை தலைகீழ்ச் சுட்டி எனப்படும் அமைப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும், அந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் உள்ளது என்ற ஆவணப் பட்டியல் அதில் இருக்கும். ஆவணம் என்பது ஒரு பதிவு, நமது எடுத்துக்காட்டில் நாளேட்டின் ஒரு வரி. "சூரை" என்று தேடினால், பொறி ஒவ்வோர் ஆவணமாகத் திறந்து படிப்பதில்லை. அந்தச் சொல்லின் பட்டியலை எடுத்துக்கொள்கிறது. "சூரை" என்பதோடு "ஜூலை மாதம்" என்ற நிபந்தனையும் சேர்ந்தால், இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறது. தேடல் வேகத்தின் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

சொல்லிலிருந்து ஆவணத்துக்குப் போவது தேடலுக்குப் போதும். இணைப்புக்கு எதிர்த்திசையும் வேண்டும். பலநாட் கலங்களைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு, அந்த ஆவணங்கள் ஒவ்வொன்றின் பதிவிலக்கம் என்ன என்று கேட்டாக வேண்டும். அது ஆவணத்திலிருந்து மதிப்புக்குப் போகும் பயணம். இதற்காக லூசீன் ஒரு புலத்தின், அதாவது பதிவிலக்கம் போன்ற ஒரு விவரத்தின், மதிப்புகளை எல்லாம் அட்டவணையின் செங்குத்து வரிசை போல ஒரே நிரலாக அடுக்கித் தனியாகச் சேமிக்கிறது. இதை நிரல் சேமிப்பு என்று அழைப்போம். இது 2012-இல் லூசீனின் 4.0 பதிப்போடு வந்தது. அதற்கு முன்னர் தலைகீழ்ச் சுட்டியையே நினைவகத்தில் மறுபடி புரட்டி இந்த வேலையைச் செய்தார்கள். நினைவகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஒரு பங்கு அந்தக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தலைகீழ்ச் சுட்டி, மதிப்பைக் கொடுத்தால் ஆவணங்களைத் தரும். நிரல் சேமிப்பு, ஆவணத்தைக் கொடுத்தால் மதிப்பைத் தரும். இணைப்புக்கு இரண்டும் தேவை.

## இணைப்பு நடக்கும் வரிசை

படகுச் சுட்டியில் நிபந்தனைகள் ஓடி, பொருந்தும் ஆவணங்கள் கிடைக்கின்றன. நிரல் சேமிப்பிலிருந்து அவற்றின் பதிவிலக்கங்கள் திரட்டப்படுகின்றன. இரு பக்கத்துக்கும் பொதுவான இந்த மதிப்பைச் சாவி என்போம். திரட்டிய சாவிகள் நாளேட்டுச் சுட்டிக்கு அனுப்பப்படுகின்றன. அங்கே ஒவ்வொரு சாவியும் தலைகீழ்ச் சுட்டியில் தேடப்பட்டு, கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. கடைசியாக அந்தத் தொகுப்பு "சூரை", திகதி முதலிய மற்ற நிபந்தனைகளின் பட்டியல்களோடு பொருத்தப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, விடையாக வருபவை நாளேட்டு ஆவணங்கள் மட்டுமே என்பது. படகின் விவரங்கள் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒரு பக்கத்தை வைத்து மறுபக்கத்தை வடிகட்டுவதோடு நிற்கும் இவ்வகைக்கு அரையிணைப்பு என்று பெயர். இரு பக்கத்துப் புலங்களையும் ஒரே வரியில் சேர்த்துத் தருவது முழு இணைப்பு. முழு இணைப்பு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் அரையிணைப்பே என்பேன். திரையில் ஒரு தடவைக்கு 10 அல்லது 20 முடிவுகள்தாம் காட்டப்படும். இலட்சக்கணக்கான வரிகளுக்கு உரிமையாளர் பெயரை ஒட்டுவதை விட, அரையிணைப்பால் வடிகட்டி, வரிசைப்படுத்தி, கடைசியில் காட்டப்போகும் 20 வரிகளுக்கு மட்டும் பதிவிலக்கத்தைக் கொண்டு பெயரை எடுத்துக்கொள்வது மிக மலிவு.

இன்னொரு சொல்லையும் இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். பெரிய சுட்டி ஒரே சேர்வரில் முழுதாக இருப்பதில்லை. அது ஷார்ட் எனப்படும் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுப் பல சேர்வர்களில் பரப்பப்பட்டிருக்கும். எந்த ஆவணம் எந்த ஷார்ட்டில் இருக்கிறது என்பது வழக்கமாக ஆவணத்தின் அடையாள எண்ணை வைத்துக் கணிக்கப்படுவதால், ஒரு குறிப்பிட்ட படகின் நாளேட்டு வரிகள் எல்லா ஷார்ட்டுகளிலும் சிதறிக் கிடக்கும். ஆகவே துண்டுத் தாளின் ஒவ்வொரு பிரதி ஒவ்வொரு ஷார்ட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். இவை விளக்கத்துக்கான எண்களே. ஒரு சாவிக்கு 8 பைட் என்று வைத்தால், 40,000 சாவிகளுக்கு 320 கிலோபைட் ஆகும். 20 ஷார்ட்டுகளுக்கு அனுப்பினாலும் 6.4 மெகாபைட்தான், எவரும் உணரமாட்டார். சாவிகள் 20 இலட்சமானால் ஒரு பிரதி 16 மெகாபைட், 20 பிரதிகள் 320 மெகாபைட். ஒரே ஒரு வினவலுக்கு இவ்வளவு. ஒரே நேரத்தில் பத்துப் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எலாஸ்டிக்சேர்ச் ஒரு வினவலில் அனுப்பக்கூடிய மதிப்புகளை இயல்பாக 65,536 என்று கட்டுப்படுத்தி வைத்திருப்பதன் காரணம் இதிலிருந்து புரியும். அந்த எல்லையை உயர்த்தலாம். உயர்த்துவதால் சுமை குறைவதில்லை.

சுருக்கமாக: இணைப்பின் செலவு, சுட்டிகளின் மொத்தப் பருமனை விட, இடையே பயணிக்கும் சாவிகளின் எண்ணிக்கையையும் அவை பயணிக்கும் வடிவத்தையும் அதிகம் சார்ந்திருக்கிறது.

## சாவிகளைக் குறைத்தல்

அப்படியானால் முதல் வேலை சாவிகளைக் குறைப்பதே. மற்ற எல்லா நுணுக்கங்களும் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

எளிதானது, ஒரே சாவி திரும்பத் திரும்பப் போவதைத் தடுப்பது. கேள்வியைத் திருப்பிப் பார்ப்போம்: கடந்த மாதம் சூரை இறக்கிய படகுகள் எவை? இப்போது சாவிகள் நாளேட்டிலிருந்து புறப்படுகின்றன. பொருந்தும் வரிகள் 10 இலட்சம் இருக்கலாம், ஆனால் அவற்றிலுள்ள வெவ்வேறு படகுகள் 2,000 மட்டுமே இருக்கலாம். ஒவ்வொரு ஷார்ட்டும் தன் பங்கில் உள்ள இரட்டிப்புகளை நீக்கிவிட்டு அனுப்பினால் சுமை பல மடங்கு குறைந்துவிடும். இதைப் பொறியிடம் ஒப்படைக்காமல், எல்லா வரிகளையும் தம் செயலிக்கு இழுத்து அங்கே வடிகட்டுவோர் இன்னும் உளர்.

அந்த வழக்கத்தில் வேகத்தை விடப் பெரிய ஆபத்தும் ஒன்று இருக்கிறது. எலாஸ்டிக்சேர்ச்சின் சாதாரணத் தேடல், பக்கம் பக்கமாகப் புரட்டினாலும், இயல்பு அமைப்பில் 10,000 முடிவுகளுக்கு மேல் தராது. முதல் தேடலில் அதிகபட்ச அளவாக 10,000 கேட்டு, வந்த சாவிகளை வைத்து இரண்டாம் தேடலை எழுதும் செயலியில், பொருந்தும் படகுகள் 10,000-ஐத் தாண்டிய நாளிலிருந்து விடை குறையத் தொடங்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வினவலும் விரைவாகவே முடியும், எனவே எவருக்கும் ஐயம் எழாது. சாவிகள் அனைத்தும் தேவையென்றால், வெவ்வேறு மதிப்புகளை மட்டும் கட்டம் கட்டமாகத் திரட்டித் தரும் கம்போசிட் அக்ரிகேஷன் போன்ற வழியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது சற்று நுட்பமானது. முதலில் சொன்ன கேள்வியில் படகுப் பக்கத்து நிபந்தனை தளர்வாக இருந்து, ஆயிரக்கணக்கான கலங்கள் பொருந்துகின்றன என்று வைப்போம். நாளேட்டுப் பக்கத்து நிபந்தனையோ "நேற்று, கொட்பே துறைமுகத்தில்" என்று மிக இறுக்கமானது. அப்போது நாளேட்டை முதலில் கேட்டு, நேற்று அங்கே மீன் இறக்கிய சில டசின் படகுகளின் சாவிகளை எடுத்து, அவற்றுள் எவை பலநாட் கலங்கள் என்று படகுச் சுட்டியில் சரிபார்த்து, பிறகு நாளேட்டுக்குத் திரும்புவது இலாபம். ஒரு நடை கூடுகிறது, சுமை பல மடங்கு குறைகிறது. மூன்று நான்கு சுட்டிகள் சங்கிலியாக இணையும் வினவலில் இந்த வரிசை மாற்றம் ஒன்றே நிமிடத்தை வினாடியாக்கக்கூடும். உறவுசார் தரவுத்தளங்களில் இந்த வரிசையைத் திட்டமிடும் பகுதி பொறிக்குள்ளேயே இருக்கும். தேடுபொறிகளில் பெரும்பாலும் அந்தப் பொறுப்பு வினவலை எழுதுபவரிடமே விடப்படுகிறது.

## சாவியின் வடிவம்

இரு பக்கத்துச் சாவிகளும் ஒரே வகையிலும் ஒரே எழுத்துமுறையிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் இடைவெளியோடும் மறுபக்கம் சிறு கோட்டோடும் பதிவிலக்கம் எழுதப்பட்டிருந்தால் பொறிக்கு அவை இரண்டு படகுகள். இந்தத் திருத்தத்தை வினவல் ஓடும்போது சிறு நிரல் எழுதிச் செய்வது மிகவும் மெதுவான வழி. ஆவணம் சுட்டிக்குள் நுழையும்போதே செய்துவிட வேண்டும். சாவி எண்ணாகத் தோன்றினாலும் அதைக் கீவேர்ட் வகையில், அதாவது பகுக்காமல் முழுதாக ஒரே சொல்லாக, சேமிப்பதே பெரும்பாலும் நல்லது. லூசீனில் எண் புலங்கள் "இதிலிருந்து இதுவரை" என்ற வகைத் தேடலுக்கு ஏற்றபடி மர அமைப்பில் அடுக்கப்படுகின்றன. பதிவிலக்கத்தை எவரும் அப்படித் தேடுவதில்லை. அப்படியே பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள், அதற்குத் தலைகீழ்ச் சுட்டியே விரைவானது.

சாவிகளைக் குறைக்கவே முடியாதபோது அவற்றைச் சுருக்கலாம். சாவிகள் நெருக்கமான முழு எண்களாக இருந்தால், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிட் ஒதுக்கி, இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று குறிக்கும் பிட்மேப் போதும். ஓப்பன்சேர்ச் 2.17 பதிப்பிலிருந்து சாவிகளை இந்த வடிவில் ஏற்றுக்கொள்கிறது. எண்களல்லாத சாவிகளுக்குப் புளூம் வடிகட்டி உதவும். பர்ட்டன் புளூம் 1970-இல் முன்வைத்த இந்த அமைப்பில், சாவிகளைச் சேமிக்காமல் அவற்றின் சுவடுகளை மட்டும் ஒரு பிட் வரிசையில் பதிக்கிறார்கள். ஒரு சாவிக்கு ஏறத்தாழ 10 பிட் கொடுத்தால், இல்லாததை இருப்பதாகச் சொல்லும் தவறு சுமார் 1 விழுக்காட்டில் நிற்கும். இருப்பதை இல்லையென்று அது ஒருபோதும் சொல்லாது. மேலே பார்த்த 20 இலட்சம் சாவிகள் இம்முறையில் 16 மெகாபைட்டுக்குப் பதிலாக 2.5 மெகாபைட்டில் அடங்கும். தப்பி வந்த 1 விழுக்காட்டைப் பிறகு தனியாகச் சரிபார்த்து நீக்கிக்கொள்ளலாம். ஒரு சுவையான செய்தி: தரவை அட்டவணைகளாகப் பிரித்து இணைத்துக்கொள்ளும் உறவு மாதிரியை எட்கர் காட் வெளியிட்டதும் அதே 1970-இல், அதே ஆய்விதழில், புளூமின் கட்டுரைக்கு முந்தைய இதழில்தான்.

## அருகில் வைத்தல், நினைவில் வைத்தல்

சாவிகள் பயணிக்கவே வேண்டாதபடி, இணைய வேண்டியவற்றை ஒரே ஷார்ட்டில் வைக்கும் வழியும் உண்டு. எலாஸ்டிக்சேர்ச்சில் தாய்–சேய் இணைப்பு இப்படிப்பட்டது. படகும் அதன் நாளேட்டு வரிகளும் ஒரே சுட்டியில், படகின் சாவியைக் கொண்டு ஒரே ஷார்ட்டுக்கு அனுப்பப்படுகின்றன. நெஸ்டட் எனப்படும் முறை இன்னும் நெருக்கமானது. அதில் சேய் ஆவணங்கள் தாயோடு அடுத்தடுத்து ஒரே கட்டாகச் சேமிக்கப்படுவதால் தேடல் விரைவு. ஆனால் ஒரு வரி கூடினாலும் கட்டு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். நாள்தோறும் வரி ஏறும் நாளேட்டுக்கு அது பொருந்தாது. ஒரு விலைப்பட்டியலும் அதன் ஏழெட்டு வரிகளும் என்றால் நன்றாகப் பொருந்தும். தாய்–சேய் முறையில் வரிகளைத் தனித்தனியாகச் சேர்க்கலாம், அதற்கு விலையாக இணைப்பைக் கேட்கும் தேடல்கள் மெதுவாகும்.

கேஷ், அதாவது முன்பு கண்ட விடையை நினைவில் வைத்திருத்தல், மாறாத பக்கத்துக்கே பயன்படும். படகுப் பக்கத்துச் சாவித் தொகுப்பை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் பெரும்பாலும் பழுதில்லை. நாளேட்டுப் பக்கத்தில் அப்படி வைத்திருந்தால் சற்றுமுன் இறங்கிய மீன் ஒரு மணி நேரம் வரை கணக்கில் வராமல் போகலாம்.

## இணைப்பே இல்லாமல்

கடைசி வழியையே பலர் முதலில் பரிந்துரைப்பார்கள்: நாளேட்டின் ஒவ்வொரு வரியிலும் கலத்தின் வகையையும் பதிவுத் துறையையும் எழுதும்போதே படியெடுத்து வைத்துவிடுவது. இடம் சற்றுக் கூடும், தேடல் ஒரே சுட்டியில் முடிந்துவிடும். எதைப் படியெடுப்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். கலத்தின் வகை அரிதாகவே மாறும், தயங்காமல் படியெடுக்கலாம். உரிமையாளரின் தொலைபேசி இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும். அது மாறும் ஒவ்வொரு தடவையும் ஆயிரம் வரிகளைத் திருத்த நேரும்.

உரிமையாளரின் பெயர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. படகு 2023-இல் கை மாறியிருந்தால், 2021-இல் இறக்கிய மீனுக்கு எதிரே எந்தப் பெயர் வர வேண்டும்? அன்றைய உரிமையாளர்தான் வேண்டும் என்றால் படியெடுப்பதே சரியான முறை, இணைப்பு தவறான விடையைத் தரும். இன்றைய உரிமையாளர் வேண்டும் என்றால் நிலைமை தலைகீழ். இதை வேகத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பின்னர் கணக்காய்வின்போது சிரமப்படுவார்கள்.

முழு இணைப்புத்தான் வேண்டும் என்போருக்கு, எலாஸ்டிக்சேர்ச்சின் புதிய வினவல் மொழியில் 2025-இல் லுக்அப் ஜாயின் என்ற கட்டளை வந்திருக்கிறது. தேடி ஒட்டப்படும் சுட்டி ஒரே ஷார்ட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஒரு ஷார்ட் சுமார் 214 கோடி ஆவணங்கள் வரை தாங்கும் என்பதால், படகுப் பதிவேடு போன்றவற்றுக்கு இது தடையே இல்லை.

## எங்கே அளப்பது

மொத்த நேரத்தை மட்டும் அளந்தால் எதுவும் தெரியவராது. மூன்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்: முதல் சுட்டியின் தேடலுக்கு ஆன நேரம், இரட்டிப்பு நீக்கிய பின் புறப்பட்ட சாவிகளின் எண்ணிக்கை, அந்தச் சாவிகளோடு இரண்டாம் சுட்டி எடுத்த நேரம். கேஷ் காலியாக உள்ள முதல் ஓட்டத்தையும் அடுத்த ஓட்டங்களையும் கலந்து சராசரி எடுக்கக் கூடாது. சாவிகள் பல இலட்சமாக இருந்தால் மேலே சொன்ன குறைப்பும் சுருக்கமும் பலன் தரும். சாவிகள் சில நூறுதான், ஆனால் இரண்டாம் சுட்டி தடுமாறுகிறது என்றால், சாவி நிபந்தனையை எடுத்துவிட்டு அதே வினவலை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மெதுவாகவே ஓடினால் குற்றம் இணைப்பில் இல்லை. மீனின் பெயருக்கு முன்னால் எவரோ போட்டு வைத்த, எந்த எழுத்துக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி, சொற்பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு தடவையும் புரட்ட வைத்துக்கொண்டிருக்கக்கூடும்.